சீசர் 3: மரம் விளையாத ஊரில் மரச்சாமான் விற்பது எப்படி?

ரோமானிய ஊரைக் கட்டி ஆளும் கணினி விளையாட்டு சீசர் 3. 1998-இல் வெளிவந்த இந்த விளையாட்டைப் புதிதாகத் தொடங்குபவர்கள் வீடு, கிணறு, கோயில் என்று கட்டிக்கொண்டே போவார்கள். கஜானா வற்றிய பிறகுதான் வணிகத்தின் நினைவு வரும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். எதை விற்கப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே முதல் சாலையைப் போடுங்கள்.

படி 1: வரைபடத்தைப் படியுங்கள்

ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டுப் பேரரசு வரைபடத்தைத் திறங்கள். ஒரு நகரத்தைச் சொடுக்கினால் அது எதை வாங்கும், எதை விற்கும், வணிகப் பாதையைத் திறக்க எத்தனை தினாரி (ஆட்டத்தில் புழங்கும் ரோமானிய நாணயம்) ஆகும் என்பது தெரியும். ஒரு பொருளுக்கான ஆண்டு வரம்பு, அதாவது அந்த நகரம் ஓர் ஆண்டில் அதிகபட்சம் வாங்கும் அல்லது விற்கும் அளவு, பெரும்பாலும் 15, 25 அல்லது 40 சுமைதான். உங்கள் ஊரில் எதை உற்பத்தி செய்யலாம் என்பதையும் ஆட்டமே முன்கூட்டித் தீர்மானித்துவிடும். களிமண் கிடைக்கும் ஊரில் இரும்பு இல்லாமல் போகலாம். பளிங்கு இல்லாவிட்டால் பெரிய கோயில் கட்ட முடியாது, வாங்கித்தான் ஆக வேண்டும்.

படி 2: மூலப்பொருளை வாங்குங்கள்

ஒரு சுமை மரத்தின் வழக்கமான கொள்முதல் விலை 50 தினாரி. அந்த ஒரு சுமை பட்டறைக்குள் போனால் ஒரு சுமை மரச்சாமானாக வெளியே வரும். அதை ஏற்றுமதி செய்தால் 150 தினாரி கிடைக்கும். அதே மரச்சாமானை வெளியூரிலிருந்து இறக்குமதி செய்தால் 200 கொடுக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே விலைகள் ஏறி இறங்கலாம், ஆனாலும் இந்த இடைவெளி எளிதில் மறையாது. மரம் இல்லாத ஊரும் மரச்சாமான் விற்றே பிழைக்கலாம் என்பதுதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

படி 3: கிடங்குகளைத் தனித்தனியாகப் பிரித்துவையுங்கள்

புதியவர்களின் வணிகம் பெரும்பாலும் இங்கேதான் முடங்குகிறது. ஒரு கிடங்கில் 8 கட்டங்கள், கட்டத்துக்கு 4 சுமை, ஆக 32 சுமை. ஆனால் ஒரு கட்டத்தில் ஒரே வகைப் பொருள்தான் இருக்க முடியும். ஒரேயொரு சுமை எண்ணெய் வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கட்டம் எண்ணெய்க்கே சொந்தம்.

எல்லாப் பொருளையும் ஏற்கும் கிடங்கு ஒன்றே ஒன்று இருந்தால் என்ன ஆகும்? இறக்குமதி மரம் கட்டங்களை அடைத்துக்கொள்ளும். பட்டறையில் செய்த மரச்சாமானுக்கு இடம் இருக்காது. பட்டறை வாசலில் வண்டிக்காரர் நிறைந்த வண்டியோடு அப்படியே நின்றுகொண்டிருப்பார். அவர் நகரும்வரை அடுத்த சுமை வெளியே வராது. வண்டி நிற்பதைக் கண்டால் பட்டறைகளின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், கிடங்கைப் பாருங்கள்.

கிடங்கின் மேல் வலது சொடுக்குச் செய்து சிறப்பு ஆணைகளுக்குப் போங்கள். ஒரு கிடங்கு மரத்தை மட்டும் ஏற்கட்டும், அது பட்டறைகளை ஒட்டி இருக்கட்டும். இன்னொன்று மரச்சாமானை மட்டும் ஏற்கட்டும், அது வணிகர்கள் ஊருக்குள் நுழையும் சாலையருகே இருக்கட்டும். கடல் வழியாக வணிகம் என்றால் கப்பல்துறைக்குப் பக்கத்தில் வையுங்கள். சரக்கை அங்கிருந்து சுமந்து வருபவர்கள் நெடுந்தூரம் நடந்தால் கப்பல் வீணாகக் காத்துக்கிடக்கும்.

படி 4: ஆலோசகரிடம் சொல்லுங்கள்

வணிக ஆலோசகர் பக்கத்தில் மரத்துக்கு இறக்குமதி, மரச்சாமானுக்கு ஏற்றுமதி என்று குறியுங்கள். ஏற்றுமதியில் 'இத்தனைக்கு மேல் இருந்தால் மட்டும்' என்றொரு எண் உண்டு. உள்ளூர் வீடுகள் வளர மரச்சாமான் தேவைப்படும் கட்டம் வந்ததும் அந்த எண்ணை உயர்த்துங்கள். இல்லாவிட்டால் முழுச் சரக்கும் வெளியே போய்விடும், வீடுகள் தரம் இறங்கும்.

படி 5: இரண்டாவது பாதை

முதல் நகரத்தின் ஆண்டு வரம்பு முழுவதும் விற்றுத் தீரும்வரை அடுத்த பாதைக்குப் பணம் கட்ட வேண்டாம். வரம்பு ஆண்டின் நடுவிலேயே தீர்ந்து சரக்கு தேங்கத் தொடங்கினால், அதே பொருளை வாங்கும் வேறொரு நகரத்துக்குப் பாதை திறங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பட்டறைகள் அதற்கும் சேர்த்து உழைக்கும்.