வேலைக்கு நடுவே 42 கிலோமீட்டர்: நண்பர்களோடு முதல் மாரத்தான் ஓடுவது எப்படி?

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். வங்கி, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று பகலெல்லாம் உழைப்பவர்களாலும் இதை ஓட முடியும். வாரத்தில் நான்கு நாள் ஓடினால் போதும். ஆனால் ஞாயிறு காலையை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடப் பழகியவர்களுக்கான திட்டம் இது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

1. நாள் குறியுங்கள்

சென்னை மாரத்தான் சமீப ஆண்டுகளில் ஜனவரியில்தான் நடக்கிறது. அதற்கு 20 வாரம் முன்னால், ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள். நம்மூரில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை சரியாக நீண்ட ஓட்டங்களின் குறுக்கே வரும். அதற்கென்று இரண்டு ஞாயிறை ஒதுக்கி வையுங்கள். தூறலில் ஓடலாம், இடி மின்னலில் கூடாது.

2. கூட்டு சேருங்கள்

மூன்று நான்கு பேர் போதும். எல்லோருக்கும் ஒரே வேகம் வேண்டாம், கிளம்பும் நேரம் ஒன்றாக இருந்தால் சரி. நைட் ஷிப்ட் முடித்து வந்தவரை எழுப்பாதீர்கள், தூங்கட்டும். விட்டுப்போன ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடவும் வேண்டாம். காலில் காயம் வருவது பெரும்பாலும் அப்படித்தான்.

3. வாரநாள் ஓட்டம்

செவ்வாய், வியாழன் 40 நிமிடம், வெள்ளி 30 நிமிடம். அவ்வளவுதான்.

4. ஞாயிறு நீண்ட ஓட்டம்

பயிற்சியின் உயிரே இதுதான். 8 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் 2 கிலோமீட்டர் கூட்டுங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரத்தைக் குறைத்து உடம்பை ஆறவிடுங்கள். 30 கிலோமீட்டரைத் தொட்டால் போதும். அதையும் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டு, அப்புறம் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். மூச்சு வாங்கினால் நடங்கள். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போவதும் ஓட்டம்தான்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் திருவையாறு சாலையைவிட நல்ல பாதை கிடையாது என்பேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுவோம். முன்னால் போனவர் ஒவ்வொரு பாலத்திலும் நிற்கட்டும், பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இருட்டோடு புறப்பட்டால் வெயிலுக்குத் தப்பலாம். ஆனால் ஒளிரும் பட்டை போட்ட சட்டை கட்டாயம். எதிரே வரும் வண்டி தெரியும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள்.

5. சாப்பாடும் தண்ணீரும்

தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து பெரும்பாலும் 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துபோகும். அதனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் பூவன் பழமோ கடலைமிட்டாயோ கையில் இருக்கட்டும். முந்தின நாள் சோற்றைக் குறைக்காதீர்கள்.

நம் புழுக்கத்தில் வேர்வையோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகிவிடும். தாகத்துக்குக் குடியுங்கள், ஓடி முடித்ததும் உப்புப் போட்ட மோர் குடியுங்கள். ஓடுமுன்னும் பின்னும் எடை பாருங்கள். எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம்.

6. பந்தய நாள்

புது ஷூ, புது சாப்பாடு எதுவும் வேண்டாம். முதல் 10 கிலோமீட்டர் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள், அதுவரை நண்பர்கள் சேர்ந்தே இருக்கலாம். பிறகு அவரவர் வேகம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் எங்கே சந்திப்பது என்று முதல் நாளே பேசிவையுங்கள், அந்தக் கூட்டத்தில் போன் எடுபடாமல் போகலாம்.