வீட்டில் இம்பீரியல் ஸ்டவுட்: நொதிப்பை அதன்பாட்டில் விடுங்கள்

லண்டனில் இருந்துகொண்டு ஸ்டவுட் காய்ச்சாமல் இருப்பது கொஞ்சம் அநியாயம். தேம்ஸின் தென்கரையில், சதர்க்கில் இருந்த த்ரேல் குடும்பத்தின் ஆங்கர் புரூவரியில் காய்ச்சிய கறுப்பு பியர்தான் 18ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அரசவைக்குக் கப்பலேறி, பின்னாளில் இம்பீரியல் ஸ்டவுட் என்று பெயர் வாங்கியது. 1781இல் புரூவரி பார்க்ளே, பெர்க்கின்ஸ் கைக்கு மாறிய பிறகும் அந்த ஏற்றுமதி நிற்கவில்லை. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்திலின் அடியைப் பார்த்தாலே தெரியும். வெளிறிய பியருக்கு அது இடைஞ்சல். ஆனால் வறுத்த தானியத்தின் புளிப்பை அந்தச் சுண்ணாம்பு சமன் செய்துவிடும் என்பதால் கறுப்பு பியருக்கு நல்ல பொருத்தம். சட்டச் சிக்கலும் இல்லை. 1963 முதல் பிரித்தானியாவில் சொந்தப் பாவனைக்குக் காய்ச்ச லைசன்ஸ் தேவையில்லை. விற்கத்தான் கூடாது.

எங்கள் ஆட்களில் பலருக்கு ஸ்டவுட் என்றால் இலங்கையின் லயன் ஸ்டவுட். அதுவே 8.8 சதவீதம். இங்கே நான் சொல்லப்போவது அதற்கும் ஒரு படி மேலே, 9.5 சதவீதத்தை ஒட்டி வரும். பிட்டர் என்கிற சாதாரண ஆங்கிலேய பியரைக் காய்ச்சிப் பழகியவர்கள் கிழமைக் கணக்கை மறந்து மாதக் கணக்குக்கு வர வேண்டும். ஒருமுறையும் காய்ச்சாதவர்கள் முதலில் ஐந்து சதவீத பியர் ஒன்றைக் காய்ச்சிவிட்டு வாருங்கள்.

வாளிக்குள் 15 லீட்டர் போகும் அளவுக்கு: மாரிஸ் ஒட்டர் மால்ட் (முளைக்கவைத்து உலர்த்திய பார்லி) ஆறரைக் கிலோ, ஓட்ஸ் அரைக் கிலோ, வறுத்த பார்லி அரைக் கிலோ, கிரிஸ்டல் மால்ட் 400 கிராம், சொக்லேட் மால்ட் 350 கிராம். கசப்பும் மணமும் தரும் ஹொப்ஸ் பூக்களில், கசப்புக்கு மேக்னம் 55 கிராம், கடைசியில் போட ஈஸ்ட் கென்ட் (East Kent) கோல்டிங்ஸ் 30 கிராம். யூஎஸ்-05 ஈஸ்ட் 11.5 கிராம் பைக்கற் இரண்டு. ஒன்று போதாது. இந்த இரண்டாவது பைக்கற்றில் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள்தான் பிறகு “நொதிப்பு நின்றுவிட்டது” என்று அழுவார்கள்.

பானை 35 லீட்டர் இருந்தால் வசதி. மொத்தம் 30 லீட்டர் தண்ணீர் எடுத்து, குளோரின் போக அரைக் கேம்டன் வில்லையை நொறுக்கிப் போடுங்கள். அதில் 21 லீட்டரை 72 பாகைக்குச் சூடாக்கி மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் சூடு 65, 66இல் வந்து நிற்கும். அங்கேதான் நிற்க வேண்டும். 69, 70 என்று ஏறினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரைகள் கூடும். அதன் விளைவு மூன்று கிழமை கழித்துத்தான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. பானையைப் பழைய போர்வையால் சுற்றி ஒன்றரை மணி நேரம் விடுங்கள். வறுத்த பார்லியையும் சொக்லேட் மால்ட்டையும் நான் கடைசி இருபது நிமிடத்தில்தான் போடுவேன். நிறம் முழுதாக இறங்கும், கரிந்த கோப்பிக் கசப்பு மட்டும் குறையும். வீடு முழுக்க ஹோர்லிக்ஸ் மணக்கும். அதுவும் மால்ட்தானே.

மிச்சம் 9 லீட்டரைச் சூடாக்கித் தானியத்தின் மேல் ஊற்றி அலசி வடித்தால் 22 லீட்டர் வரை கிடைக்கும். 90 நிமிடம் கொதிக்கட்டும். மேக்னத்தைக் கடைசி ஒரு மணி நேரம் இருக்கும்போதும், கோல்டிங்ஸைக் கடைசிப் பதினைந்து நிமிடத்திலும் போட வேண்டும். பிறகு வேகமாகக் குளிரவையுங்கள். இதிலிருந்து தொடுகிற எல்லாமே, கரண்டி உட்பட, கிருமிநீக்கியில் நனைந்ததாக இருக்க வேண்டும்.

18 பாகைக்கு இறங்கியதும் வாளிக்கு மாற்றி, மூடியை இறுக்கி, கை வலிக்கும்வரை குலுக்குங்கள். இவ்வளவு கனமான கரைசலில் ஈஸ்ட் பெருகக் காற்று வேண்டும். ஈஸ்டைத் தூவிய பிறகு காற்று எதிரி. 15 லீட்டருக்கு 25 லீட்டர் வாளி என்பது ஆடம்பரம் இல்லை, நுரை அவ்வளவு எழும்பும். வாயுவை வெளியே மட்டும் விடும் ஏர்லொக்குக்குப் பதில் தடித்த குழாயொன்றைச் செருகி, மறுமுனையைக் கிருமிநீக்கி உள்ள ஜக்குக்குள் விடுங்கள். சின்ன ஏர்லொக்கை நுரை அடைத்தால் மூடி கூரைக்குப் போகும், கறுப்புச் சாயம் சுவருக்குப் போகும்.

தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், இதன் தொடக்க அடர்த்தி 1.098 அளவில் இருக்கும். முதல் ஐந்தாறு நாளில் அது 1.040க்குக் கிட்ட வந்துவிடும். அந்தக் கட்டத்தில் வாளியைச் சுற்றி 18, 19 பாகை போதும். நொதிப்பு தானே சூட்டைக் கிளப்பும் என்பதால் உள்ளே இன்னும் இரண்டு, மூன்று பாகை கூடவே இருக்கும். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலுமாரி நல்ல இடம். நவம்பர் மாதக் கராஜ் கூடாது.

பிறகு நுரை விழும், குமிழி நிற்கும், ஆட்களுக்குப் பதற்றம் தொடங்கும்.

குமிழியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூடி கொஞ்சம் ஒழுகினாலும் குமிழி வராது. நொதிப்பு முடிந்த பிறகு அறை சூடானாலும், கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். அடர்த்தியை அளக்கும் கண்ணாடி மிதவையான ஹைட்ரோமீட்டர் ஒன்றைத்தான் நம்பலாம், அதையும் ஒழுங்காகப் பார்த்தால். எடுத்த மாதிரியை இரண்டு குவளைகளுக்கு இடையே தேநீர் ஆற்றுவதுபோல் பலமுறை ஆற்றுங்கள். வாயு இருந்தால் குமிழிகள் ஹைட்ரோமீட்டரின் உடம்பில் ஒட்டி அதைத் தூக்கிப் பிடிக்கும், இரண்டு மூன்று புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001) கூடக் காட்டும். 20 பாகைக்கு வந்த பிறகு சிலிண்டரில் விட்டு, காம்பை விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். கறுப்புத் திரவத்துக்குள் கோடு தெரியாது, பின்னால் டோர்ச் பிடித்தாலும் பெரிதாக உதவாது. அதனால் திரவம் காம்பில் ஏறி நிற்கும் மேல் விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதையே பார்த்தால் ஒப்பிடுவதற்குப் போதும். ஒளி விலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனம்: மதுசாரம் சேர்ந்த பிறகு அது காட்டும் எண்ணை அப்படியே எடுக்க முடியாது, திருத்தக் கணக்குப் போட வேண்டும். அளந்த மாதிரியைத் திரும்ப ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். இந்த வயதில் அது எரியும், கரிக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

கடைசி அடர்த்தி 1.026 பக்கம் வரும். 1.010ஐ எதிர்பார்க்காதீர்கள், இவ்வளவு வறுத்த தானியத்தில் அது நடக்காது. தொடக்கத்திலிருந்து முடிவைக் கழித்து 131.25ஆல் பெருக்கினால் மதுசாரம் 9.45 சதவீதம். 1.040க்குக் கீழே ஒவ்வொரு புள்ளியும் மெதுவாகத்தான் இறங்கும். ஈஸ்டைச் சுற்றி மதுசாரம் ஏற ஏற அதற்குக் களைப்பு, எளிய சர்க்கரையும் முடிந்திருக்கும், மோல்டோஸும் மோல்டோட்ரையோஸும்தான் மிச்சம். கிழமைக்கு மூன்று புள்ளி இறங்கினாலும் அது நிற்கவில்லை, நடக்கிறது என்றுதான் அர்த்தம். இந்தக் காலத்துக்கென்றே நான் பக்கத்தில் இன்னொரு வாளியில் சாதாரண பிட்டர் போட்டுவிடுவேன். குடிக்க ஏதாவது இருந்தால் ஸ்டவுட் வாளியை நோண்டும் ஆசை வராது.

1.035இல் ஒரு கிழமைக்கு மேல் அசையாமல் நின்றால் மட்டும் கை வையுங்கள். முதலில் சூடு. வாளியை 21, 22 பாகை உள்ள அறைக்குக் கொண்டுபோங்கள், அல்லது ஹீட் பெல்ட் கட்டுங்கள். வாளியைத் திறக்காமல், கீழே படிந்த ஈஸ்ட் எழும்பும் அளவுக்கு மெல்லச் சுழற்றுங்கள், தெறிக்கக் கூடாது. பெரும்பாலும் இதுவே போதும். இரண்டு கிழமையிலும் அசைவில்லை என்றால் புது ஈஸ்ட் தேவை. ஆனால் காய்ந்த ஈஸ்டை நேராகத் தூவுவது வீண். எட்டு சதவீத மதுசாரத்துக்குள் விழுந்ததும் அதில் பெரும்பகுதி சோர்ந்துபோகும். 50 கிராம் மால்ட் தூளை அரை லீட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் ஈஸ்டைப் போடுங்கள். நன்றாக நுரைக்கும்போது அதே அளவு ஸ்டவுட்டை ஊற்றிப் பழக்கி, அதிலும் நுரைத்த பிறகு எல்லாவற்றையும் வாளிக்குள் விடுங்கள். மிச்சச் சர்க்கரைகளை ஈஸ்ட் தின்னும்படி உடைக்கும் அமிலேஸ் என்சைம் போடச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கே நிறுத்துவது என்பது அதற்குத் தெரியாது, ஸ்டவுட்டின் உடம்பை, அதாவது அதன் தடிப்பையே, தின்றுவிடும்.

மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் மாறவில்லை என்றாலும், இன்னும் இரண்டு மூன்று கிழமை அப்படியே விடுவேன். வெண்ணெய் மணம் ஏதாவது இருந்தால் ஈஸ்டே அதைத் துடைத்துவிடும். இங்கே அவசரப்பட்டால் ருசியோடு முடியாது, ஆபத்து. நான்கு புள்ளி மிச்சம் இருக்கும்போது அடைத்தால், வாயுவுக்காக நாம் போடும் சீனியைப்போல் இரண்டு மடங்கு ஏற்கனவே உள்ளே இருக்கிறது. போத்தல் வெடிக்கும், கண்ணாடி பறக்கும்.

சீனிக் கணக்கு லீட்டருக்கு நாலரைக் கிராம். அடியில் படிந்தது போக 13 லீட்டர் கிடைத்தால் 60 கிராம் சீனி, கொஞ்சத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றியது. ஈஸ்ட் களைத்திருக்கும் என்பதால் மதுசாரம் தாங்கும் போத்தல் ஈஸ்ட் கொஞ்சம் புதிதாகக் கலந்துவிடுங்கள். தடித்த 330 மில்லி போத்தல்களே இதற்குச் சரி, அரை லீட்டரை ஒரே ஆள் குடித்தால் அன்றைய வேலை முடிந்தது. அடைத்த போத்தல்களை மூடியுள்ள பெட்டிக்குள், 20 பாகை அறையில் ஒரு மாதம் வைத்துவிட்டு, பிறகு இருட்டான குளிர்ந்த இடத்துக்கு மாற்றலாம்.

மூன்று மாதத்தில் ஒன்றைத் திறந்து பாருங்கள், ஆறு மாதத்தில் இன்னொன்று. எரிவு அடங்கி, கோப்பியும் கறுப்பு சொக்லேட்டும் உலர்ந்த பிளம்ஸும் தனித்தனியாகத் தெரியத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தால் ஒன்றும் தெரியாது, 12, 13 பாகைக்கு வரட்டும். மெல்லச் சரித்து ஊற்றி, அடியில் உள்ள மண்டியைப் போத்தலிலேயே விடுங்கள். மூன்றாம் மாதத்தில் திறந்த போத்தலில் வாயுவே இல்லை என்றால், மிச்சத்தைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றையும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பி ஈஸ்டைக் கலக்கிவிட்டு இன்னும் ஒரு மாதம் கொடுங்கள். எல்லாவற்றையும் திறந்து மறுபடி சீனி போடும் வேலை வேண்டாம்.