போட்டோவைச் சரியான அளவில் அச்சிடுவது எப்படி?

புதிய நாட்டில் போய் இறங்கியதும் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக வரும். பாதிக்கு மேல் போட்டோ கேட்கும். அளவுதான் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனிலும் ஐரோப்பாவில் பல நாடுகளிலும் 35-க்கு 45 மில்லிமீட்டர். அமெரிக்காவில் இரண்டு அங்குலச் சதுரம், அதாவது 51 மி.மீ. கனடா பாஸ்போர்ட்டுக்கு 50-க்கு 70. கையோடு கொண்டுவந்த பிரதிகளை நீட்டுவதற்கு முன் விண்ணப்பத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

போனில் இருக்கும் படத்தில் இருப்பதெல்லாம் பிக்சல்தான். அது காகிதத்தில் எத்தனை மில்லிமீட்டராக இறங்கும் என்பது அச்சிடும்போதுதான் முடிவாகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் முகம் தெளிவாக விழும். கணக்கு எளிது: மில்லிமீட்டரை 25.4-ஆல் வகுத்து 300-ஆல் பெருக்குங்கள். 35-க்கு 45 என்றால் 413-க்கு 531 பிக்சல். இரண்டு அங்குலச் சதுரம் என்றால் 600-க்கு 600. கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறையத்தான் கூடாது. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் பிக்சல் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

அளவு கெடுவது பெரும்பாலும் பிரிண்ட் செட்டிங்கில்தான். பக்கத்தைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கும் அல்லது பெரிதாக்கும் 'ஃபிட் டு பேஜ்' என்பது பல பிரிண்டர்களில் தானாகவே டிக் ஆகியிருக்கும். நாம் பழகிய ஏ4 தாள் 210-க்கு 297 மி.மீ. அமெரிக்காவிலும் கனடாவிலும் புழங்குவது 'லெட்டர்' தாள். அகலம் கொஞ்சம் கூட, நீளம் 279.4 மட்டுமே. ஏ4-க்குத் தயாரித்த பக்கத்தை அதில் அடக்கப் பார்த்தால் எல்லாமே 94 சதவீதமாகச் சுருங்கும். 45 மி.மீ. உயரம் 42.3 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேல் வைத்தால் தெரிந்துவிடும். முகத்தின் அளவுக்கும் விதி இருக்கிறது: கனடா பாஸ்போர்ட்டில் தாடையிலிருந்து உச்சந்தலை வரை 31 முதல் 36 மி.மீ. இருக்க வேண்டும். 32 ஆக இருந்த முகம் இப்படிச் சுருங்கினால் 30 ஆகி, கணக்கிலிருந்தே விழுந்துவிடும்.

அதனால் வேர்டு போன்ற ஒன்றில் முதலில் பக்க அளவை உங்கள் கையில் உள்ள தாளுக்கு மாற்றுங்கள். அப்புறம் படத்தைச் செருகி, அகலம் உயரத்தை மில்லிமீட்டர் கணக்கிலேயே கொடுங்கள். பிடிஎஃப் ஆக்கி, 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100% என்று தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். 'பார்டர்லெஸ்' வேண்டாம், ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க அது படத்தைச் சற்றுப் பெரிதாக்கிவிடும்.

வீட்டில் பிரிண்டர் இல்லையென்றால் (வந்த புதிதில் யாரிடம் இருக்கும்?) போட்டோ கடையே போதும். 4-க்கு 6 அங்குலம், அதாவது 1200-க்கு 1800 பிக்சலில் ஒரு வெள்ளைப் படம் தயாரித்து, அதில் உங்கள் போட்டோவை 35-க்கு 45 என்றால் நாலைந்து தடவை, பெரிய அளவென்றால் இடம் கொள்ளும் அளவுக்கு ஒட்டுங்கள். ஓரங்களில் நன்றாக இடம் விடுங்கள், கடை இயந்திரம் கொஞ்சம் வெட்டும். காலி இடத்தில் சரியாக 50 மி.மீ.க்கு, அதாவது 591 பிக்சலுக்கு, ஒரு கோடு போட்டு வையுங்கள். அச்சு வந்ததும் அந்தக் கோட்டை அளந்தால் போதும். 49 வந்தால் மொத்தமும் 2 சதவீதம் சுருங்கியிருக்கிறது; கடையிலேயே சொல்லி மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேல் கிடைக்காவிட்டால் வங்கி அட்டை இருக்கவே இருக்கிறது: அதன் அகலம் எந்த நாட்டிலும் 85.6 மி.மீ. அந்த நீளத்துக்கு இன்னொரு கோடு போட்டிருந்தால் அட்டையை மேலே வைத்தே சரிபார்த்துவிடலாம்.

கனடாவில் மட்டும் இத்தனை பாடு வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கும் பிஆர் கார்டுக்கும் (நிரந்தரக் குடியுரிமை அட்டை அல்ல, நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கான அட்டை) கொடுக்கும் போட்டோவின் பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் பெயர், முகவரி, எடுத்த தேதி இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நேராக ஸ்டூடியோவுக்கே போய்விடுங்கள்.