வாடகை வீட்டுக்கு ஏசி: கடைக்குப் போகும் முன் ஜன்னலையும் பிளக்கையும் பாருங்கள்

புது நாட்டில் முதல் கோடை உச்சத்துக்கு வந்த பிறகுதான் பெரும்பாலானோர் ஏசி தேடிக் கிளம்புகிறார்கள். அதற்குள் குறைந்த விலை மாடல்கள் தீர்ந்து, மிஞ்சியதைத்தான் வாங்க வேண்டிவரும். வெயில் தொடங்க ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அதற்கு முன்பு, வாடகை ஒப்பந்தம், ஜன்னல், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் மூன்றையும் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எந்த வகை ஏசி பொருந்தும் என்பது இந்த மூன்றிலேயே தெரிந்துவிடும். விலை பார்ப்பது அதன் பிறகுதான்.

ஸ்பிளிட் ஏசிக்குச் சுவரில் ஆறேழு சென்டிமீட்டர் அகலத்துக்குத் துளை போட வேண்டும், வெளியே ஒரு யூனிட் நிற்க வேண்டும். வீட்டு ஓனர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொன்னால் போதாது. மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். காலி செய்யும்போது துளையை அடைக்கும் செலவு யாருடையது, அட்வான்ஸில் பிடிப்பார்களா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். அடுக்குமாடியாக இருந்தால் கட்டட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டியிருக்கலாம். வெளிச்சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் ஜன்னல் ஏசியையே தடைசெய்யும் கட்டடங்களும் உண்டு.

அடுத்து ஜன்னல். கண்ணாடிச் சட்டத்தை மேலே தூக்கித் திறக்கும் ஜன்னல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறைய இருக்கிறது. அதில் ஜன்னல் ஏசி நேராக உட்காரும்; குறைந்த செலவில் நன்றாகக் குளிர்விப்பதும் அதுதான். ஐரோப்பாவில் பல வீடுகளில் ஜன்னல் கதவைப்போல உள்பக்கம் திறக்கும். அங்கே ஜன்னல் ஏசி மாட்ட வழியில்லை. ஸ்பிளிட் அல்லது, அறைக்குள் நிறுத்தி ஜன்னல் வழியே குழாய் விடும் போர்ட்டபிள்தான். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னல் என்றால் அதற்கென்றே செய்த ஒடுக்கமான மாடல் தேட வேண்டும். எதுவானாலும் முழுதாகத் திறந்துவைத்து, திறந்த இடைவெளியின் அகலத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் அளவு இதற்கு உதவாது.

மின்சாரத்தில் ஏமாந்தால் நஷ்டம் பெரிது. இந்தியா, இலங்கை, பிரிட்டன், ஐரோப்பா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவும் கனடாவும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். ஊரிலிருந்து ஏசியைக் கொண்டுவந்து டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டும் எண்ணம் வேண்டாம். கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, விலையும் அதிகம். அது ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைச் சரிசெய்யவும் செய்யாது. அமெரிக்காவின் சாதாரண 15 ஆம்பியர் பாயின்டில் தொடர்ந்து இழுக்கக்கூடியது 12 ஆம்பியர், அதாவது 1,440 வாட். ஏறக்குறைய 12,000 பி.டி.யு. (குளிர்விக்கும் திறனின் அளவு) வரையான ஏசிகள் இதில் ஓடும். அதைவிடப் பெரியவற்றுக்குப் பெரும்பாலும் தனி 230 வோல்ட் பாயின்ட் தேவைப்படும். ஒரே பிரேக்கரில் அறையின் எல்லா பாயின்டும் இருந்தால், ஏசி ஓடும்போது இஸ்திரிப் பெட்டியோ ஹேர் டிரையரோ போட்டதும் பிரேக்கர் விழுந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் வயரில் ஏசியை ஓட்டாதீர்கள். சுவரில் நேராகச் சொருகி, அரை மணி நேரம் ஓடியதும் பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பாயின்டின் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. அணைத்துவிட்டு ஓனரிடம் பாயின்டை மாற்றச் சொல்லுங்கள். தீ விபத்து இப்படித்தான் தொடங்கும்.

இனி அளவு. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் குளிர்ச்சி. ஐரோப்பாவில் பெட்டியின் மேல் 2.5 கிலோவாட் என்று பார்த்ததும் அவ்வளவு கரண்ட் இழுக்குமே என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அது குளிர்விக்கும் திறன். அந்த அளவு ஸ்பிளிட் ஏசி இழுக்கும் மின்சாரம் அதில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். 150 சதுர அடி படுக்கையறைக்கு 5,000 பி.டி.யு., 250 சதுர அடிக்கு 6,000, 350க்கு 8,000, 450க்கு 10,000 என்பது நம்பத்தக்க கணக்கு. பகல் முழுக்க வெயில் விழும் அறைக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். இரண்டு பேருக்கு மேல் புழங்கினால் கூடுதல் ஆளுக்கு 600, சமையலறையோடு சேர்ந்த கூடம் என்றால் 4,000 பி.டி.யு. கூட்ட வேண்டும். பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று நினைக்கக் கூடாது. பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை சில்லென்று இருந்தும் உடம்பு பிசுபிசுக்கும். இன்வெர்ட்டர் மாடலில் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவதால் இந்தத் தொல்லை குறைவு.

அதிகம் பேர் ஏமாறுவது போர்ட்டபிள் ஏசியில். ஒற்றைக் குழாய் மாடல், நாம் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றிலேயே ஒரு பகுதியை எடுத்துச் சூட்டோடு வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஏசி ஓடும்போது அறைக்கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பாருங்கள். தாள் அறைக்குள் பக்கமாக வளையும். அந்த வழியாக வருவது சூடான காற்று. இதனால்தான் அமெரிக்காவில் பெட்டியில் இரண்டு எண் இருக்கும். 14,000 என்று பெரிதாகப் போட்டிருப்பது, இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தால் எட்டாயிரம் முதல் பத்தாயிரத்துக்குள் இறங்கிவிடும். சிறிய எண்ணை வைத்தே ஒப்பிடுங்கள். இரட்டைக் குழாய் மாடல் வெளிக்காற்றையே இழுத்து வெளியே விடுவதால், விலை கொஞ்சம் கூடினாலும் அதுவே மேல்.

போர்ட்டபிள் வாங்கியாயிற்று என்றால் குழாயைக் குட்டையாகவும் நேராகவும் வையுங்கள். நீட்டிப்புக் குழாய் சேர்த்தால் காற்று தேங்கி மெஷின் சூடேறி நின்றுவிடும். குழாயின் மேல்புறமே அறைக்குள் ஒரு ஹீட்டர் வைத்தது போலச் சுடும். வெப்பம் தடுக்கும் உறை சுற்றினால் வித்தியாசம் தெரியும். ஜன்னல் இடைவெளியை அதற்கென்று விற்கும் துணி மறைப்பாலோ பலகையாலோ முழுதும் அடையுங்கள். கம்ப்ரஸர் அறைக்குள்ளேயே இருப்பதால் சத்தம் இருக்கும்; லேசாகத் தூங்குபவர்கள் கடையில் ஓடவிட்டுக் கேட்பது நல்லது. படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்திவைத்து, கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து போடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெய் திரும்பக் கீழே இறங்க வேண்டும்.

வெளியே போகும் குழாயே இல்லாமல் மலிவாக விற்கப்படும் ஏர் கூலர், ஏசி அல்ல. உலர்ந்த ஊரில் ஜன்னலைத் திறந்துவைத்தால் அது வேலை செய்யும். கடலோர ஈரத்தில் இன்னும் ஈரத்தைக் கூட்டுவது தவிர வேறொன்றும் செய்யாது.

விலை குறைந்ததா, கரண்ட் குறைவாக இழுப்பதா என்ற கேள்விக்குக் கணக்கு போட்டே விடை காணலாம். மின்சிக்கனத்துக்கு ஒரு நாடு தரும் நட்சத்திரத்தை இன்னொரு நாட்டின் எழுத்துக் குறியோடு ஒப்பிட முடியாது, வாட்டைப் பாருங்கள். ஒரே அளவில் ஒன்று 900 வாட், மற்றது 600 வாட் என்றால், தினம் 8 மணி நேரத்துக்கு 2.4 யூனிட் மிச்சம். 100 நாள் கோடைக்கு 240 யூனிட். கம்ப்ரஸர் இடையிடையே நிற்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். அதை உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையாலும் அந்த வீட்டில் இருக்கப்போகும் ஆண்டுகளாலும் பெருக்குங்கள். விலை வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருந்தால், கூடுதல் விலை கொடுத்து 600 வாட்டை வாங்கலாம்.

பழைய ஏசி வாங்குவதானால் முதலில் லேபிளில், உள்ளே சுற்றிக் குளிர்விக்கும் கேஸின் பெயரைப் படியுங்கள். ஆர்22 என்றிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். வளர்ந்த நாடுகளில் அந்த கேஸின் உற்பத்தி நின்றுவிட்டது. கால் மணி நேரம் ஓடவிட்டு, காற்று உள்ளே போகும் இடத்திலும் வெளியே வரும் இடத்திலும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வேண்டும். செப்புக் குழாய் இணைப்பில் எண்ணெய்க் கறை இருந்தால் கேஸ் கசிகிறது. கேஸ் தானாகத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. வருஷா வருஷம் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் கசிவை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஸ்பிளிட் மாட்ட உரிமம் உள்ளவரையே கூப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கேஸைக் கையாளச் சான்று கட்டாயம். பல புது மாடல்களில் இருக்கும் ஆர்32 கேஸ் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியதும்கூட. வேலை நடக்கும்போது வேக்யூம் பம்ப் போடுகிறாரா என்று கவனியுங்கள். குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, பம்பை நிறுத்தி, மீட்டர் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸைச் சற்றுத் திறந்துவிட்டுக் காற்றை ஊதித் தள்ளுபவர் என்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸரின் ஆயுளைக் குறைத்துவிடும்.

ஜன்னல் ஏசியைத் தூக்க இருவர் வேண்டும். அடியில் தாங்கு சட்டம் போட்டு, மேல் கண்ணாடிச் சட்டம் தூக்க முடியாதபடி பூட்டுங்கள். எவ்வளவு வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும் என்பதைக் கையேட்டில் பாருங்கள்; சாய்வு தப்பினால் தண்ணீர் அறைக்குள் சொட்டும்.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலில் பனி படிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அழுக்கு ஃபில்டரை. கூலிங்கை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உருகிவிடும். கோடை முடிந்து எடுத்து வைக்கும் முன் சில மணி நேரம் ஃபேனில் ஓட்டி உள்ளே உலரவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த ஆண்டு பூஞ்சை வாடை வரும். பக்கவாட்டுத் தட்டி, தாங்கு சட்டம், திருகு, ரிமோட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஏசியோடு கட்டிவையுங்கள். வீடு மாறும்போது முதலில் காணாமல் போவது இவைதான், பிறகு தனியாகக் கிடைப்பது கஷ்டம்.