சிறுநீரில் புரதம்: பரிசோதனை முடிவைப் புரிந்துகொள்ளும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து அரசாங்க கிளினிக்கிற்கு இனிப்புநீருக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்தெடுக்க வருவோரிடம் தாதியர் சிறு புட்டி ஒன்றைக் கொடுத்துச் சிறுநீர் கேட்பதுண்டு. பலர் சர்க்கரை அளவை மட்டும் விசாரித்துவிட்டு, சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவைக் கேளாமலேயே வீடு திரும்பிவிடுகிறார்கள். வலியோ வீக்கமோ தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுநீரகப் பாதிப்பைக் காட்டிவிடக்கூடிய பரிசோதனை அது என்பதால், முடிவைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பக் கூடாது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவை நலமாயிருக்கும்வரை இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் மிகச் சிறிதளவே கலக்கும். இனிப்புநீரும் உயர் இரத்த அழுத்தமும் அவற்றைச் சிதைக்கும்போது கசிவு கூடுகிறது. தசைகளில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் சரியான அளவில் இருந்தாலும் இந்தக் கசிவு தொடங்கியிருக்கலாம். ஆகவே இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது என்று சிறுநீர்ப் பரிசோதனையைத் தவிர்ப்பது தவறு.

முதலில் செய்யப்படுவது பெரும்பாலும் நிறம் மாறும் பட்டைச் சோதனை. அதில் ஒரு கூட்டல் குறி என்பது டெசிலிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் புரதத்தைக் குறிக்கும். ஆனால் பட்டை அளப்பது செறிவை மட்டுமே. செம்பனைக் குலை வெட்டிவிட்டு, வெயிலில் போதிய தண்ணீர் குடிக்காமல் நேரே வந்தவரின் சிறுநீர் அடர்த்தியாக இருப்பதால் முடிவு கூடுதலாகத் தெரியலாம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரிடம் உண்மையான கசிவே மறைந்துபோகலாம். தொடக்க நிலைக் கசிவு பெரும்பாலும் பட்டையில் தெரிவதே இல்லை.

எனவே ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கேளுங்கள். கிரியாட்டினினோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவதால் தண்ணீர் கூடுதல் குறைவால் வரும் பிழை பெரிதும் நீங்குகிறது. ஒரு மில்லிமோல் (ஆய்வகத்தில் பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) கிரியாட்டினினுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே ஆல்புமின் இருந்தால் இயல்பு. 3 முதல் 30 வரை மிதமான உயர்வு. 30-ஐத் தாண்டினால் கடும் உயர்வு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லைகள் சற்றே மாறுபடலாம் என்பதால், தாளில் அச்சிட்டிருக்கும் அலகையும் சேர்த்துப் பாருங்கள்.

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரே சிறந்தது. இருட்டோடு பால்மரம் வெட்டப் புறப்படுபவர்கள் முதல்நாளே புட்டியை வாங்கி வைத்து, எழுந்தவுடன் பிடித்து, உடனே கொண்டுபோக இயலாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம். தொடக்கத்தில் வருவதைச் சற்று விட்டு நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாளின் கடுமையான உடலுழைப்பு ஆகியவை முடிவைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி நாளைத் தள்ளிப்போடுவது நல்லது.

ஒருமுறை உயர்ந்து வந்ததற்காகக் கலங்க வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுத்த மூன்று மாதிரிகளில் இரண்டிலாவது உயர்வு தெரிந்தால்தான் அது நிலையான கசிவாகக் கொள்ளப்படுகிறது. உறுதியானால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனையும் கேட்டறியுங்கள். பெரின்டோப்ரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு கசிவையும் குறைப்பவை. அழுத்தம் இறங்கிவிட்டது என்று அவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்குவது சிறுநீரகத்திற்குக் கேடு.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தப் பொறுமை பொருந்தாது. ஐந்தாம் மாதத்திற்குப் பிறகு சிறுநீரில் புரதமும் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்து காணப்பட்டாலோ, அவற்றோடு கடுந்தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.