படைப்புழுவைக் குருத்துக்குள் போவதற்கு முன்பே பிடியுங்கள்

மக்காச்சோளம் போட்டிருந்தால், முளைத்த முதல் வாரத்திலிருந்தே இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது காலையில் வயலுக்குள் இறங்கி நடங்கள். வரப்பில் நின்று பார்த்தால் பச்சைப் பசேலென்றுதான் தெரியும்.

மக்காச்சோளத்தைத் தின்னும் இந்தப் படைப்புழு நம்ம ஊர்ப் புழு இல்லை. அமெரிக்கக் கண்டத்துப் புழு, 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது, 2018-ல் கர்நாடகத்துக்கு வந்து அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் பரவி, 2019-ல் சீனாவையும் எட்டிவிட்டது. கென்யாவில் மக்காச்சோளம்தான் அன்றாடச் சாப்பாடு, நமக்கோ அது கோழித்தீவனம். எங்கே விழுந்தாலும் அடி சோற்றுத் தட்டில்தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இலையில் சுரண்டியது போல வெள்ளைத் திட்டுகள் இருந்தால் புழு இன்னும் சின்னது, அதுதான் சரியான நேரம். வரிசையாக ஓட்டை விழுந்து, குருத்தில் ஈர மரத்தூள் போல எச்சம் கிடந்தால் புழு வளர்ந்துவிட்டது. குருத்தை விரித்துப் பாருங்கள்: தலையில் தலைகீழ் ‘ஒய்’ போல வெளிர் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். இரண்டும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இலையில் பஞ்சு ஒட்டியது போல முட்டைக் குவியல் தெரிந்தால் அங்கேயே நசுக்கிவிடுங்கள், ஒரு குவியலில் நூறு இருநூறு முட்டை இருக்கும்.

வயலில் ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாகப் பாருங்கள். இளம்பயிரில் நூற்றுக்கு ஐந்து செடி தாக்கப்பட்டிருந்தால் மருந்துக்கு இறங்கலாம். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி (தண்ணீரில் கரையும் குருணை மருந்து), லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம், சாயங்காலம், குருத்துக்குள் இறங்கும்படி. இலை மேலே மட்டும் அடித்தால் காசுதான் போகும், ஏனென்றால் பெரிய புழு தன் எச்சத்தையே மூடிபோல் வைத்துக்கொண்டு அடியில் கிடக்கும். கடையில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். மறுமுறை தேவைப்பட்டால் வேறு வகை மருந்துக்கு மாறுங்கள், ஒன்றையே அடித்தால் புழுவுக்குப் பழகிவிடும்.

அடுத்த போகத்துக்கு இப்போதே யோசியுங்கள். கூட்டுப்புழு மண்ணில்தான் இருக்கும், ஆழமாகக் கோடை உழவு போட்டால் மேலே வந்து வெயிலில் காயும், மிச்சத்தைக் கொக்கும் மைனாவும் பொறுக்கிவிடும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு, ஊடுபயிராக உளுந்து, நோட்டம் பார்க்க ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி (ஆண் பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிப்பது).

அப்புறம், இந்தப் புழு வளர்ந்து மாறும் அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும். நீங்கள் இன்றும் பக்கத்து வயல்காரர் இருபது நாள் கழித்தும் விதைத்தால், அதற்கு இளங்குருத்து தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருக்கும். விதை வாங்கும் முன்பே அவரிடம் பேசி, ஒரே வாரத்தில் விதைத்துவிடுங்கள்.