கொக்கி இல்லாத தங்க பிரேஸ்லெட்: வாங்கும்போதும் போடும்போதும்

ஒற்றைக் கையால் கொக்கி மாட்டத் திணறுபவர்களுக்கு, இழுத்து இறுக்கும் பிரேஸ்லெட் உண்மையிலேயே பெரிய வசதி. சங்கிலியின் இரு முனைகளும் ஒரு சின்ன மணிக்குள் நுழைந்து வெளியே தொங்கும். மணிக்குள் இருக்கும், ரப்பர் போன்ற சிலிக்கோன்தான் சங்கிலியை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் கடையில் டிசைனைப் பார்ப்பதற்கு முன் அந்த மணியைச் சோதியுங்கள். நாலைந்து முறை ஏற்றி இறக்கிவிட்டு, கையில் போட்டுக் கீழே உதறிப் பாருங்கள். தானாக நழுவினால் வேண்டாம்.

சங்கிலி வழவழப்பான பாக்ஸ் செயினாக (சதுரக் கண்ணிகள் கோத்தது) இருப்பது நல்லது. முறுக்குச் சங்கிலி மணிக்குள் சிக்கும், சிலிக்கோனையும் அரித்துவிடும். முனைகளில் உள்ள குண்டுகள் உறுதியாகப் பற்றவைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை கழன்றால் சங்கிலி மணியை விட்டே உருவிவிடும்.

பில் போடும்போது சிலிக்கோன் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலை போட்டிருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை. 22 காரட் என்றால் 916, 18 காரட் என்றால் 750 முத்திரை இருக்க வேண்டும். தினமும் போட 18 காரட்டே என் தேர்வு, கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

போடும்போது முழுக்கத் தளர்த்தி, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை நுழைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மணியைப் பிடித்துக்கொண்டு இரு முனைகளையும் சேர்த்து இழுங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளி போதும். எண்ணெய், சென்ட், சானிடைசர் மணியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடி தளர்ந்தால் நகைக்கடையில் சிலிக்கோனை மட்டும் மாற்றித் தருவார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.